பொழுதும் போக்கும்

நகரத்தில் கைவேலைக்கு ஒரே ஒரு பருவம்தான். முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் ஆரம்பித்து, புது யூனிஃபார்ம் வாங்கக் கடைக்கு ஓடுகிற வாரத்தில் முடிந்துவிடும். அதற்குள் தெருவுக்கு நாலு கேட்டில் போர்டு தொங்கும். கிளாஸ் பெயின்டிங், பானை பெயின்டிங், பேப்பர் குவில்லிங், ஃபேஷன் ஜுவல்லரி. பத்து நாள் கிளாஸ், மெட்டீரியல் தனி, கடைசி நாள் சர்டிஃபிகேட். கார்த்திகை அகல் விளக்குக்கு அக்னி நட்சத்திரத்தில் வர்ணம் பூசுவார்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் அதே வாரத்தில் ஒட்டுவார்கள். இரண்டும் ஷோகேஸில் ஏறி உட்காரும். அப்புறம் போகிக்கு வீடு ஒழிக்கும்போது குப்பையோடு வெளியே வரும்.

பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கத்தரிக்கோல் பிடிப்பது நல்ல விஷயம். சொல்லிக் கொடுக்கிற பெண்களில் பலர் நிஜமாகவே கெட்டிக்காரர்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் குறை சொல்ல வருகிறேன். குறை ஒன்றே ஒன்று. அங்கே செய்யும் பொருள் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு யாரும் அதை ஏற்றப் போவதில்லை, சுற்றப் போவதில்லை, தின்னப் போவதில்லை. நன்றாக வந்தாலும் சர்டிஃபிகேட், வராவிட்டாலும் சர்டிஃபிகேட்.

ஹாபியை நாம் தமிழில் பொழுதுபோக்கு என்கிறோம். வேடிக்கை என்னவென்றால், பொழுது என்ற சொல்லுக்கே பருவம் என்றும் பொருள் உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பிரித்து, அதற்குப் பெரும்பொழுது என்று பெயர் வைத்தது நம் இலக்கணம். நாம் பொழுதை விட்டுவிட்டுப் போக்கை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பொழுதோடு கைவேலை எப்படி இருந்தது என்று பார்க்க, நாமக்கல்லிலிருந்து துறையூர் போகிற ரோட்டில் எருமப்பட்டி வரைக்கும் வாருங்கள். கொல்லிமலையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு கிடக்கிற சின்னப் பேரூராட்சி. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை சேலம் ஜில்லா. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் என்றால் முட்டையும் லாரியும்தான் ஞாபகம் வரும். ஆனால் சேலம், நாமக்கல், கரூர் வட்டாரத்துக்கென்றே ஒரு பண்டிகை இருக்கிறது. சென்னைக்காரர்களில் பாதிப் பேருக்கு அதன் பெயரே தெரியாது. ஆடி முதல் தேதி, தேங்காய் சுடுவது.

ஜூலை நடுவில் வரும். செய்முறையைச் சொல்கிறேன், இதில் எத்தனை வித்தை இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். தேங்காயின் நாரை ஒன்று விடாமல் பிய்த்து, சொரசொரப்பான தரையில் ஓடு வழவழவென்று ஆகும்வரை தேய்க்க வேண்டும். மூன்று கண்ணில் ஒன்றுதான் இளகும். அதைக் கண்டுபிடித்துத் துளை போட வேண்டும். தண்ணீரை இறக்கிவிட்டு, பொட்டுக்கடலை, வெல்லம், எள், பாசிப்பருப்பு, அவல் எல்லாவற்றையும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகவே உள்ளே தள்ள வேண்டும். இறக்கிய தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்ற வேண்டும். அதிகமானால் பாயசம், குறைந்தால் பருப்பு வேகாது. அப்புறம் தோல் சீவிக் கூர்மையாக்கிய அழிஞ்சிக் குச்சியை அந்தக் கண்ணில் இறுக்கமாகச் செருகி, ஓட்டுக்கு மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய தீயில் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குச்சி பச்சையாக இருப்பதால் சட்டென்று எரியாது. ஓடு கறுத்து, விரிசல் விட்டு, வெல்லமும் தேங்காயும் கலந்த வாசனை வந்தால் வேலை முடிந்தது. பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு உடைத்துத் தின்னலாம்.

பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகத்தான் இது என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும். விமர்சகன் கண்ணோடு பாருங்கள். குச்சியைத் தளர்வாகச் செருகியவனுக்குத் தேங்காய் நெருப்பில் விழும். அவசரக்காரனுக்கு ஓடு மட்டும் கருகி, உள்ளே பருப்பு பல்லை உடைக்கும். மார்க் போட யாரும் வேண்டாம். தேங்காயே போட்டுவிடும். பக்கத்து வீட்டுப் பையன் சுட்டது நன்றாக வந்திருந்தால், அடுத்த ஆடிக்கு அவனிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கார்த்திகைக்கு மாவளி. கார்த்திகைப் பொறி என்றும் சொல்வார்கள். சேலம், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன்கள் பட்டாசுக்குக் காசு கேட்காமல் தாங்களே செய்துகொண்ட பட்டாசு. ஆண் பனையின் காய்ந்த பூவைப் பொறுக்கி வந்து, குழியில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாகிவிடாமல் மண் போட்டு மூட வேண்டும். கிடைக்கிற கரியை நுணுக்கி, பருத்தித் துணியில் இறுக்கமாகச் சுருட்டிக் கட்ட வேண்டும். பனை மட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் அதை வைத்துக் கட்டி, கயிறு பூட்டி, மேலே ஒரு கங்கை வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொன்வண்டுக் கூட்டம் மாதிரி பொறி பறக்கும். வேகமாகச் சுற்றச் சுற்றக் காற்று அதிகம் கிடைத்துக் கரி கனன்று பொரிகிறது. இதை கெமிஸ்ட்ரி வாத்தியார் போர்டில் எழுதிப் போட்டால் ஒருவனும் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

இதில் கடையில் வாங்குவது எதுவும் இல்லை. பனை வேண்டும், பூ காய்ந்திருக்க வேண்டும், மழை விட்டிருக்க வேண்டும். மற்ற மாதங்களும் இப்படித்தான். வெயில் காலத்தில் நுங்கு தின்ற கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளினால் வண்டி. காற்றுக் காலத்தில் பனை ஓலையை மடித்து வேலமுள்ளைக் குத்தினால் காற்றாடி. போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டு. அந்தந்த மாதம் அந்தந்தப் பொருள் கைக்கு வரும். நேரத்தில் எடுக்காவிட்டால் போய்விடும். பையன் தானாகக் கற்றுக்கொள்வது இதைத்தான். பொருள் நமக்காகக் காத்திருக்காது.

மார்கழியில் வாசல் முழுக்கப் பெண்களுடையது. கைவேலை என்றால் தமிழ்நாட்டின் ஆகப் பெரிய கலைக் கண்காட்சி இதுதான். டிக்கெட் கிடையாது, காலை பத்து மணிக்குள் மிதித்து அழித்துவிடுவோம். சாணி தெளித்த ஈரத் தரையில் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மாவை விட்டு, புள்ளிகளைச் சுற்றி ஒரே கம்பியாக ஓடித் தொடங்கின இடத்துக்கே வந்து சேர்கிற சிக்குக் கோலம் சாதாரண விஷயம் இல்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தின் இலக்கணத்தைக் கம்ப்யூட்டர் கணிதத்தில் எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் பாட்டிகள் விடிகாலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போட்டது அது.

இப்போது ஊருக்கு ஊர் நடக்கிற கோலப் போட்டியைப் பாருங்கள். பரிசு பெரும்பாலும் எதற்குப் போகிறது? பெரிதாக, கலர் கலராக, மயிலும் வாசகமும் வைத்த ரங்கோலிக்கு. மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று எழுதினால் நடுவருக்கு மனசு நிறைந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு பெண் ஊடு புள்ளி வைத்து, ஒரு கம்பி கூடத் தடிக்காமல் மெலியாமல் போட்டிருப்பாள். அவளுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. கம்பியைப் பார்க்கத் தெரியாத நடுவர் கலரைப் பார்க்கிறார். சங்கீத சபாவில் பாடகியின் புடவைக்குப் பரிசு கொடுத்தால் சும்மா இருப்போமா? அப்பார்ட்மென்ட் வாசலில் வருஷம் முழுக்க ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அதற்கு மார்கழியும் தெரியாது, சித்திரையும் தெரியாது.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, 'ஆகா, அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடத் தயாராகிறவர்களை இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. அதே அகல் விளக்கைக் குயவர் பக்கத்திலிருந்து பாருங்கள். கார்த்திகை, வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. விற்கிற மாதத்தில் மண் காயாது, சூளை பற்றாது. அதனால் வெயில் மாதங்களிலேயே செய்து அடுக்கிவைக்க வேண்டும். அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. பனை ஏறியவருக்கும் அப்படித்தான். நுங்கு வண்டி ஓட்டிய பையனின் சந்தோஷத்துக்குப் பின்னால், மார்பு தேய மரம் ஏறிய ஒருவர் இருந்தார்.

இந்த வித்தியாசத்தைப் பற்றித் தமிழ்நாடு ஒருமுறை பலமாகச் சண்டை போட்டிருக்கிறது. அந்தச் சண்டைக்கும் இந்தச் சமவெளிக்கும் சம்பந்தம் உண்டு. நாமக்கல்லுக்கு மேற்கே திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதரையும் மதுவிலக்கையும் பரப்பியவர் ராஜாஜி. கைராட்டை மேல் அவருக்கிருந்த நம்பிக்கை நிஜமானது. அதே ராஜாஜி முதலமைச்சராக 1953-ல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் தி.மு.க.வும் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

கையால் வேலை செய்யப் படிப்பது உயர்ந்த விஷயம் என்று ராஜாஜி நினைத்ததில் தப்பில்லை. எந்தக் கை எந்த வேலையைச் செய்வது என்பதைப் பிறப்பு ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருந்த ஊரில், அப்பன் வேலையையே மகன் கற்கட்டும் என்றதுதான் கோளாறு. குயவர் மகன் பானை செய்வதில் சந்தோஷம் இருக்க வேண்டுமானால், செய்யாமல் போகும் உரிமையும் அவனுக்கு வேண்டும். கோலத்துக்கும் இதே கணக்குத்தான். வாசல் காலியாக இருந்தால் மருமகளைப் பேசுவார்கள், மகனை யாரும் பேச மாட்டார்கள். அப்படிப் பயந்து போட்ட கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி சந்தோஷம் குறைவு.

ஆடித் தேங்காயும் மாவளியும் எனக்கு உசத்தியாகப் படுவது இதனால்தான். அவற்றைச் செய்யக் குறிப்பிட்ட வீட்டில் பிறக்க வேண்டியதில்லை. மாதம் வந்தால் செய்யலாம், மாதம் போனால் விட்டுவிடலாம். யாரும் அதை வைத்துப் பிழைக்கவில்லை, ஆனாலும் நன்றாகச் செய்தாக வேண்டும். விளையாட்டாகவும் இருக்க வேண்டும், அசட்டையாகவும் செய்யக்கூடாது. இந்தக் கலவை கிளாஸில் கிடைப்பதில்லை.

இயற்கைப் பொருள்தான் கலை, பிளாஸ்டிக் எல்லாம் பாவம் என்றும் நான் சொல்லவில்லை. வயர் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த பிளாஸ்டிக். சிவன் கண், நெல்லிக்காய் என்று பின்னலுக்குப் பின்னல் பெயர் வைத்து, மத்தியான நேரத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் பின்னிய கூடைகளுக்குக் கணக்கே இல்லை. பருவம் எதுவும் அதற்குக் கிடையாது. ஆனால் சந்தைக்குப் போய் அஞ்சு கிலோ கத்தரிக்காய், வெங்காயம் சுமந்து பதில் சொல்லியாக வேண்டும். கைப்பிடி அறுந்தால் நடுரோட்டில் மானம் போகும். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளை அரசு தடை செய்தபோது, பரணில் கிடந்த கூடை பல வீடுகளில் மறுபடி இறங்கி வந்தது. கிளாஸில் வர்ணம் பூசிய பானைக்கு அப்படி ஒரு இரண்டாம் வாழ்க்கை வந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே கிளாஸ் நடத்துகிறவர்களுக்கும் அனுப்புகிறவர்களுக்கும் சில யோசனைகள். அகல் விளக்கு சொல்லிக் கொடுக்கிறீர்களா? ஐப்பசியில் சொல்லிக் கொடுங்கள், செய்த விளக்கைக் கார்த்திகையன்று ஏற்றச் சொல்லுங்கள். எண்ணெய் ஒழுகினால் ஒழுகட்டும், அடுத்த வருஷம் சரியாக வரும். கோலம் என்றால் பையன்களையும் உட்காரவையுங்கள். இடுப்பு வலித்தால்தான் வீட்டுக் கோலத்தைத் தாண்டிப் போவான். கோலப் போட்டி நடுவர்கள் ஒரு வருஷமாவது கலர் பொடியைத் தடை செய்துவிட்டுக் கம்பியைப் பார்க்கட்டும். மாவளி வேண்டுமென்றால் முதலில் பனை வேண்டும். பனை மரம் வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்லதுதான், ஆனால் அனுமதி மரத்தைக் காக்குமே தவிர, காய்ந்த பூவை யார் பொறுக்குவது?

சர்டிஃபிகேட்டை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். சுட்ட தேங்காயை உடைத்துத் தின்றவனுக்குச் சர்டிஃபிகேட் எதற்கு?