பெண்பேச்சும் ஸ்வாபதேசமும்

திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் 27 பெண்பேச்சாய் அமைந்தவை: மகள் பாசுரமாக 17, தாய் பாசுரமாக 7, தோழி பாசுரமாக 3. இவற்றை உரைக்குங்கால், ச்ருங்காரத்திற்குக் கூசி, அந்யாபதேசத்தை ஓரிரு சொற்களில் கடந்து ஸ்வாபதேசத்திற்கு விரைவது இந்நாளில் சிலர்க்கு வழக்கமாயிற்று. பாசுரத்தைப் பிறர் லௌகிக காமமாகக் கொள்வரோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் நியாயமே, ஆயினும் அவர்கள் கொண்ட பரிஹாரம் பொருந்தாது.

முலையைப் பக்தியாகவும், இடையை வைராக்யமாகவும், கண்ணை ஜ்ஞானமாகவும் கொள்வது நம் உரைமரபு. பிரிவாற்றாது விம்மும் முலையன்றோ வளரும் பக்திக்கு ஒப்பாவது? உண்டோ இல்லையோ என்னும்படி நுணுகிய இடையன்றோ இதர விஷயங்களில் பற்றறுகைக்கு ஒப்பாவது? அவ்வழகு நெஞ்சிற்படாதவனுக்கு, ‘இடை வைராக்யம்’ என்பது காரணமறியாத வெறும் குறியீடாய் நின்றுவிடும். ஜ்ஞானதசையில் தாமாய்ப் பேசும் ஆழ்வார், ப்ரேமதசையில் பெண்ணாய்ப் பேசுகிறார் என்பது ஆசார்ய ஹ்ருதயத்தின் தெளிவு. ஆதலின் பெண்மை அவர்க்கு மேற்போர்த்த வேடமன்று. எம்பெருமானுடைய வடிவழகில் ஈடுபட்டமையால் விளைந்த நிலை. அவ்வழகையும் விரஹத்தையும் குறைத்துரைத்தால், ஆழ்வார் பெண்ணானதற்கே ஹேது இல்லையாகும்.

ஆகவே காலக்ஷேபத்தில் தலைமகளின் ஆற்றாமையை முதலில் நிறையச் சொல்லி, பின்னரே ஸ்வாபதேசம் உரைப்பது தகும்.