வேடமும் முகமும்: ‘பாகுபலி’க்குப் பின் நடிகர் நிலை

நடிகன் வேடத்தைப் புனைகின்றான் என்பது பொதுவழக்கு. ஆயின், சில வேளைகளில் வேடமே நடிகனைப் புனைந்து, அவனது முன்னைய முகத்தையும் பின்னைய முகத்தையும் மறைத்துவிடுகின்றது. பெருவெற்றி பெற்ற மாயாஜால, இராசகதைத் திரைப்படத் தொடர்களில் நடித்தோரின் பிற்கால வாழ்வு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது. இதனைப் பலரும் ‘அதிர்ஷ்டம்’, ‘தலைவிதி’ என்ற சொற்களால் விளக்கி அமைதி காண்பர். கலை ஒரு சமூக உற்பத்தி எனக் கொள்வோர் அவ்விளக்கத்துடன் நின்றுவிடுதல் இயலாது. வேடத்தை ஆக்குவோர் யார், அது யாருக்கு உடைமையாகின்றது, ஆட்டம் முடிந்தபின் நடிகன் திரும்பிச் செல்வதற்கு ஓர் இடம் உண்டா என்பனவே ஆராயப்பட வேண்டிய வினாக்களாம்.

இவ்வினாக்களுக்கு ஒப்புநோக்காக மன்னார்க் கரையோரத்துக் கூத்து மரபைக் கொள்ளலாம். முசலிப் பகுதியின் முள்ளிக்குளம் முதலாக மாதோட்டம் வரை பரந்துள்ள கத்தோலிக்க ஊர்கள் இம்மரபின் நிலைக்களத்தைச் சேர்ந்தவை. 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த ‘என்றீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ ஆகிய நாடகங்கள் இதன் வளத்துக்குச் சான்று பகர்வன. இங்கும் மன்னர் உளர்; மந்திரிகள் உளர்; மனித ஆற்றலை மீறிய அற்புதங்களும் உள. எனினும் அரசவேடம் தரித்தவன் விடிந்ததும் உடுப்பைக் களைந்துவிட்டு வலையையோ மண்வெட்டியையோ எடுக்கின்றான். ஊரார் அவனைச் சில காலம் ‘ராசா’ என அழைக்கலாம். ஆயின் அடுத்த முறை அதே வேடம் இன்னொருவனுக்குச் செல்லும். ஏடு அண்ணாவியாரிடமும் வேடம் ஊரிடமும் இருக்கின்றன. அது நடிகனுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்ட ஒன்று. இரவலாதலின் அது அவனை விழுங்குவதில்லை.

திரைப்படத்தில் நிலைமை வேறு. ஒருமுறை பதிவான வேடம் மாறாது; மூப்படையாது; இன்னொருவனுக்குக் கைமாறாது. எஸ். எஸ். ராஜமௌலியின் ‘பாகுபலி’ இதற்குத் தக்க உதாரணம். தெலுங்கிலும் தமிழிலும் உருவான இதன் முதற்பாகம் 2015 ஜூலை 10 அன்றும், இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. இரண்டாம் பாகம் உலகளாவிய வசூலில் ஆயிரம் கோடி ரூபாவைத் தாண்டிய முதல் இந்தியப் படமாயிற்று. இத்தகைய வெற்றி நடிகருக்கு எத்தகைய எதிர்காலத்தை வழங்கிற்று?

முதலில் நோக்க வேண்டியவர் பிரபாஸ். 2002-இல் ‘ஈஸ்வர்’ மூலம் அறிமுகமாகி, காதலும் சண்டையும் கலந்த தெலுங்குப் படங்களில் வளர்ந்தவர் அவர். ‘மிர்ச்சி’ 2013-இல் வெளிவந்தது. அதன்பின் 2019 வரை இத்தொடரின் இரு பாகங்களைத் தவிர அவர் கதாநாயகனாக நடித்த படம் எதுவும் வெளிவரவில்லை. தொடர் முடிந்தபோது அவர் ஆந்திர, தெலுங்கானா எல்லைகளைக் கடந்த நட்சத்திரமாகிவிட்டார். அதன் விளைவு யாது? ‘சாஹோ’ (2019), ‘ராதே ஷ்யாம்’ (2022), ‘ஆதிபுருஷ்’ (2023) ஆகிய மூன்றும் பல மொழிகளில் பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டன. மூன்றும் அவற்றின் மீதிருந்த எதிர்பார்ப்பை நிறைவு செய்யவில்லை. ‘ராதே ஷ்யாம்’ அடிப்படையில் ஒரு காதற்கதை. இரு உள்ளங்களின் நெருக்கத்தால் நிற்க வேண்டிய அக்கதை, கண்ணைப் பறிக்கும் காட்சிகளின் சுமையால் நசுங்கிற்று. சிறிய படத்தில் நடிக்கும் உரிமையையே பெருவெற்றி அவரிடமிருந்து பறித்தது எனலாம். மீண்டும் வெற்றி தந்த ‘சலார்’ (2023), ‘கல்கி 2898 ஏடி’ (2024) ஆகியனவும் பிரமாண்டத்தையே நம்பியவை. பின்னையதில் அவர் மகாபாரதக் கர்ணனின் சாயலுடன் தோன்றுகின்றார். வேடத்தின் பெயர் மாறிற்று. அதன் பருமன் மாறவில்லை.

கதாநாயகியர் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ‘அருந்ததி’ (2009) மூலம் கதையின் முழுப்பாரத்தையும் ஒரு பெண்ணால் சுமக்க முடியும் என நிறுவியவர் அனுஷ்கா. தேவசேனையாக அவர் அரசவையில் நீதி கேட்கும் காட்சி தொடரின் உயிர்நிலைகளுள் ஒன்று. ஆயினும் ‘பாகமதி’ (2018), ‘நிசப்தம்’ (2020), ‘மிஸ் ஷெட்டி மிஸ்டர் பொலிஷெட்டி’ (2023) என அவரது முதன்மைப் படங்கள் அருகியே வந்தன. தமன்னா முதற்பாகத்தில் போராளிப் பெண்ணாக விளங்கியவர். இரண்டாம் பாகத்தில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். ‘ஜெயிலர்’ (2023) படத்தில் ஓர் ஆடற்பாடலே அவரைப் பரவலாகப் பேசவைத்தது. ஒரே வெற்றி ஆணுக்குப் பெருமுதலீட்டையும் பெண்ணுக்குக் காத்திருப்பையும் வழங்குமாயின், அவ்வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடாகக் கொள்ளுதல் பொருந்தாது. அது தொழிலமைப்பின் வேறுபாடாகும்.

இதற்கு மாறாக, சத்யராஜும் ரம்யா கிருஷ்ணனும் வேடத்தினுட் சென்று மீண்டவர்கள். சத்யராஜ் கட்டப்பாவாக வருமுன்னரே வில்லனாகவும் நாயகனாகவும் பல பத்தாண்டு வாழ்வைத் தமிழ்த் திரையிற் கண்டவர். ‘கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்?’ என்ற வினா ஈராண்டு காலம் நாடெங்கும் உலவியபோது வேடமே அவரை மேவி நின்றது. ஆயின் 2017-இல் இரண்டாம் பாகம் வெளிவரும் வேளை, காவிரிப் பிரச்சினை குறித்து அவர் பல ஆண்டுகளுக்கு முன் பேசிய பேச்சைக் காரணங்காட்டிக் கன்னட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவரும் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. கற்பனை நாட்டு அடிமை வீரனின் முகத்துக்குப் பின்னால் உண்மையான நாட்டின், உண்மையான நீர்ப்பூசலில் சிக்கிய ஒரு தமிழர் இருந்தார் என்பதை அந்நிகழ்வு நினைவூட்டிற்று. அடுத்த ஆண்டே ‘கனா’ படத்தில், கடன் நெருக்கும் விவசாயியாகவும் கிரிக்கெட் ஆடும் மகளின் தந்தையாகவும் அவர் நடித்தார். கட்டப்பாவின் வாளைவிட அத்தந்தையின் தளர்ந்த தோள்கள் நடிப்பால் உயர்ந்தவை. ரம்யா கிருஷ்ணனும் ‘படையப்பா’ (1999) நீலாம்பரியின் நிழலை முன்னரே அறிந்தவர். சிவகாமியின் நிழல் அவருக்குப் புதிதன்று. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்தில் இராசமாதாவின் கம்பீரம் எதுவுமின்றி, சமூகம் இழிவாகக் கருதும் தொழிலைச் செய்தவளும் மகனின் உயிருக்காகத் தவிப்பவளுமான ஒரு தாயாக அவர் தோன்றினார்.

காலகேயர் தலைவனாக நடித்த பிரபாகர் ‘காலகேய பிரபாகர்’ என்றே வழங்கப்படலானார். தமிழுக்கு இது புதிய வழக்கன்று. ‘குலதெய்வம்’ ராஜகோபால், ‘வெண்ணிற ஆடை’ மூர்த்தி, ‘வெண்ணிற ஆடை’ நிர்மலா என்போரின் பெயர்களில் ஒரே படம் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. துணைநடிகருக்கு இது முகவரியும் ஆகும், சுவரும் ஆகும்.

அவ்வாறாயின் முன்னரே புகழ்பெற்றோர் மட்டுமே தப்புவர் என முடிவு செய்யலாமா? எஸ். வி. ரங்காராவ் இம்முடிவை மறுக்கின்றார். 1951-இல் ‘பாதாள பைரவி’யின் மந்திரவாதியாக அவர் பெரும்புகழ் எய்தியபோது திரையுலகுக்கு ஏறத்தாழப் புதியவர். 1957-இல் ‘மாயாபஜார்’ கடோற்கசனாகவும் மக்கள் மனத்தில் நின்றார். எனினும் ‘மிஸ்ஸியம்மா’ (1955), ‘படிக்காத மேதை’ (1960), ‘நானும் ஒரு பெண்’ (1963) ஆகிய குடும்பக் கதைகள் அவரை வீட்டுப் பெரியவராக ஏற்றுக்கொண்டன. ‘நர்த்தனசாலை’ (1963) கீசகனுக்காக ஜகார்த்தாவில் நடந்த ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகர் விருதும் பெற்றார். அன்றைய ஸ்டூடியோக்கள் மாயாஜாலப் படத்தையும் குடும்பப் படத்தையும் அடுத்தடுத்து எடுத்தன. நடிகனுக்குத் திரும்பிச் செல்லப் பல வாசல்கள் திறந்திருந்தன. ஆகவே காப்பது தனிமனிதத் திறமை மட்டுமன்று. கலைத்தொழிலின் பன்முகத் தன்மையுமாகும்.

வேடத்தையே மூலதனமாக்கியோரும் உளர். 1987-88-இல் தூரதர்ஷனில் ஒளிபரப்பான ராமானந்த சாகரின் ‘ராமாயண’த்தில் சீதையாக நடித்த தீபிகாவும் இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991-இல் மக்களவை உறுப்பினராயினர். இராமனாக நடித்த அருண் கோவில் 2024-இல் மீரட் தொகுதியில் வென்றார். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வேடம் வாக்குப் பெற்றுத் தரவல்லதாயின், அதன் வலிமை அச்சமூட்டுவதாகும். மேலைநாட்டில் டேனியல் ராட்கிளிஃப் இதற்கு எதிர்த்திசையிற் சென்றார். 2001 முதல் 2011 வரை எட்டு ‘ஹரி பொட்டர்’ படங்களில் நடித்த அவர், தொடர் முடியுமுன்னரே 2007-இல் லண்டன் மேடையில் ‘எக்குவஸ்’ நாடகத்தில் நடித்தார். 2024-இல் நாடகத்துறைக்கான டோனி விருதையும் பெற்றார். திரை அவருக்குப் பூட்டிய வேடத்தைக் கழற்ற மேடை உதவிற்று.

இங்குதான் முள்ளிக்குளம் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. 2007 செப்டெம்பரில் அவ்வூர் மக்கள் தம் நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2017-இல் தொடர்ந்து போராடியபின் ஒரு பகுதி நிலமே விடுவிக்க இணங்கப்பட்டது. ‘பாகுபலி’யின் இரண்டாம் பாகம் திரைக்கு வந்த அதே வசந்த காலத்தில், இழந்த அரியணையை மீட்கும் கற்பனை அரசனுக்கு உலகம் கைதட்டிக்கொண்டிருக்க, முள்ளிக்குளத்தார் தம் வளவுகளை மீட்கத் தெருவோரம் அமர்ந்திருந்தனர். வேடத்தைக் களைந்தவன் திரும்பிச் செல்ல ஊர் வேண்டும். ஊரும் களரியும் இல்லாதவிடத்து, இரவல் வேடத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கும் ஆளில்லை.

திரைநடிகனின் இடர்ப்பாட்டை ஊரிழந்த மக்களின் துயரோடு சமப்படுத்துதல் தகாது. ஒன்று கோடிகளின் நடுவே நேர்வது, மற்றது வாழ்வின் வேரில் நேர்வது. எனினும், மனிதனை ஒரே முகத்துள் அடைத்துவிடக்கூடாது என்னும் உண்மை இரண்டிற்கும் பொது. இதில் இரசிகரின் பங்கும் சிறிதன்று. கட்டப்பாவுக்கு எழுந்த கைதட்டலில் ஒரு பங்கேனும் ‘கனா’வின் விவசாயிக்குக் கிட்டுமாயின், தயாரிப்பாளரும் சிறிய கதைகளை எடுக்கத் துணிவர். வேடத்தைப் போற்றுவது எளிது. முகத்தைத் தேடிச் செல்வதே விமர்சனத்தின் கடன்.