சாமி வெள்ளியும் கலைத்தட்டும்: பெயரிடலில் நேர்ந்த இழப்பு

மரபுக் கைவினை ஒன்று மீண்டும் தழைக்கும்போது அதன் சொற்களும் உடன் மீள்கின்றனவா என்பது மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டிய வினாவாகும். தமிழகத்து வெள்ளி வேலைப்பாடு இதற்குத் தக்க சான்று.

யூல், பர்னல் ஆகியோர் 1886-இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, ‘சுவாமி’ என்பதற்குத் தெய்வப் படிமம் என்று பொருள் தருகிறது. ‘சுவாமி நகை’ என்பதனைத் திருச்சிராப்பள்ளியில் ஐரோப்பிய வடிவில், புராண உருவங்களுடன் செய்யப்பெறும் அணிகலன் என்றும் விளக்குகிறது. சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இப்பாணியால் புகழ்பெற்றது. 1875-76-இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அளிக்கப்பெற்ற தேநீர்க் கலத்தொகுதி அதன் ஆக்கமே. இன்றைய ஆங்கிலத்தில் ‘சுவாமி’ பெரும்பாலும் துறவியையே குறிப்பதால், இத்தொடரைத் தமிழாக்குவோர் இடறக்கூடும். தெய்வ உருவத்தைச் ‘சாமி’ என்னும் வழக்கே இதன் உட்பொருள். ஆதலின் ‘சாமி உருவ வேலை’ என்பதே பொருந்தும்.

இரண்டாம் சரபோசி காலத்தோடு (1798-1832) இணைத்துப் பேசப்பெறும் தஞ்சைத் தட்டின் நிலை வேறு. புவிசார் குறியீட்டுப் பதிவில் ஆங்கிலத்தில் அமைந்த பெயரின் நேர்பெயர்ப்பே ‘கலைத்தட்டு’. இதில் ‘கலை’ என்னும் அடை எதனையும் உணர்த்தவில்லை. அடித்தட்டை உருவாக்குபவர் ஒருவர். வெள்ளித் தகட்டில் உருவத்தை எழுப்புபவர் மற்றொருவர். அதனைத் தட்டின்மேல் பதிப்பவர் வேறொருவர். இப்பகுப்பு பெயரில் மறைந்துபோகிறது. வினையாகவும் பெயராகவும் நிற்கும் ‘தட்டு’ என்னும் சொல்லிலும், அவ்வினையடியாகப் பிறந்த ‘தட்டார்’ என்னும் தொழிற்பெயரிலும் உள்ள உறவை எந்த விளக்கக் குறிப்பும் சுட்டக் காணோம்! கட்டக் கைவினைஞரின் கம்பி வேலை 2024-இல் ‘ரூபா தாரகாசி’ என்னும் ஒடிய வழக்குப் பெயராலேயே குறியீடு பெற்றது. கரீம்நகர் வேலையோ ‘ஃபிலிக்ரி’ என்னும் அயற்சொல்லோடு பதிவாயிற்று. பெயர்த் தேர்வு தவிர்க்கவியலாத ஒன்றன்று என்பதற்கு இவ்விரண்டுமே சான்று.

இவற்றினும் பெரிய வழு, தஞ்சைத் தட்டின் உருவங்களைச் ‘செதுக்கியவை’ என எழுதுவது. செதுக்கலில் உலோகம் நீக்கப்படும். இங்கோ எதுவும் நீக்கப்படுவதில்லை. மெல்லிய தகடு அச்சில் அழுத்தியும் தட்டியும் புடைக்கச் செய்யப்படுகிறது, பின்புறக் குழிவு அரக்கால் நிரப்பப்படுகிறது. ‘புடைப்பு வேலை’ என்று எழுதினாலே செயல்முறை விளங்கும். ‘செதுக்கிய வெள்ளி’ என்று படிக்கும் வாசகர், கட்டியான வெள்ளியை எதிர்பார்த்து, கையில் எடுத்த தட்டின் மென்மையைப் போலியெனக் கருதவும் இடமுண்டு.