பொதுப் பணத்தில் விளைந்த அறிவும் வெளியிடப்படாத உரிமமும்

உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சித் திறனை, அது ஓராண்டில் பெற்ற காப்புரிமைகளையும் அதிலிருந்து கிளைத்த புத்தொழில் நிறுவனங்களையும் எண்ணிப் பார்த்தே மதிப்பிடும் வழக்கம் கடந்த பத்தாண்டில் தமிழ்நாட்டில் நிலைபெற்றுவிட்டது. நாளுக்கொரு காப்புரிமை, ஆண்டுக்கு நூறு புத்தொழில் என்று இலக்கு வகுத்துக்கொண்ட சென்னை ஐஐடி, 2024-25 நிதியாண்டில் 104 நிறுவனங்களைத் தன் தொழில் வளர் காப்பகத்தில், அதாவது தொடக்க நிலை நிறுவனங்களுக்கு இடமும் ஆலோசனையும் முதலீட்டுத் தொடர்பும் தந்து வளர்த்தெடுக்கும் அமைப்பில், சேர்த்துக்கொண்டதாக அறிவித்தது. அறிவிப்பு எங்கும் பாராட்டுடன் வரவேற்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய தையூரில் அந்நிறுவனம் எழுப்பியுள்ள டிஸ்கவரி வளாகமும், ஹைப்பர்லூப் என்னும் குழாய்வழி அதிவேகப் போக்குவரத்துக்காக அங்குள்ள 422 மீட்டர் நீளச் சோதனைத் தடமும், துறைமுகங்கள், நீர்வழிகள், கடற்கரைகளுக்கான தேசியத் தொழில்நுட்ப மையம் 2023 ஏப்ரலில் அங்கே தொடங்கிய ஆய்வுக்கூடமும் இந்த வளர்ச்சிக்குக் கண்கூடான சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. எண்ணிக்கையில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் கைமாறிய அறிவு எது, அது யாரிடம் சென்றது, எந்த நிபந்தனையில் சென்றது என்னும் மூன்று கேள்விகளுக்கும் அந்த எண்ணிக்கையில் விடை கிடையாது.

இந்தப் புத்தொழில் இயக்கத்தின் நற்பயன்களை மறுப்பது நேர்மையாகாது. 2010-இல் தொடங்கிய ஐஐடி ஆய்வுப் பூங்கா, பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோரின் நெடுநாள் உழைப்பால், ஆய்வாளரையும் தொழில் முனைவோரையும் ஒரே வளாகத்தில் பழகச் செய்தது. அங்கு வேர்விட்ட ஏத்தர் எனர்ஜி 2025 மே மாதத்தில் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. அக்னிகுல் காஸ்மோஸ் 2024 மே 30 அன்று, முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினைக் கொண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தியைப் பறக்கவிட்டது. ஆய்வேடு நூலகத் தட்டில் அடைக்கலம் புகுவதே ஆராய்ச்சியின் இயல்பான முடிவு என்றிருந்த நாள்களை நினைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றமே.

காப்புரிமைக் கணக்கைப் பற்றியும் நீளப் பேச வேண்டியதில்லை. தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு, ஆராய்ச்சிப் பிரிவின் 100 மதிப்பெண்ணில் 15-ஐக் காப்புரிமைக்கென ஒதுக்கி, அதில் 10-ஐ வழங்கப்பட்ட காப்புரிமைகளுக்கும் 5-ஐ வெளியிடப்பட்ட விண்ணப்பங்களுக்கும் தருகிறது. விண்ணப்பம் வெளியாவதற்கு அதன் தகுதி ஆராயப்பட்டிருக்க வேண்டியதில்லை. தாக்கலாகி 18 மாதம் கழிந்தால் அது காப்புரிமை அலுவலக இதழில் தானே இடம்பெற்றுவிடும். 2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணமும் 80 விழுக்காடு குறைக்கப்பட்ட பின்னர் விண்ணப்பங்கள் பெருகியதில் வியப்பொன்றுமில்லை. அந்த 15 மதிப்பெண்ணில், பெற்ற காப்புரிமையை ஒருவரேனும் உரிமம் பெற்றுப் பயன்படுத்தினாரா என்பதற்கு இடமில்லை என்பதைக் குறித்துக்கொண்டு மேலே செல்லலாம்.

ஏனெனில் முதன்மையான குறை உரிமத்தில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் தன் காப்புரிமையைத் தானே தொழிலாக்குவதில்லை. அதைப் பயன்படுத்தும் அனுமதியை ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தின் வழியே வழங்குகிறது. அவ்வனுமதி ஒருவருக்கு மட்டும் வழங்கப்பட்டு மற்றெவருக்கும் மறுக்கப்படுமாயின் அது தனியுரிமம். கேட்டுத் தகுதி காட்டும் அனைவருக்கும் வழங்கப்படுமாயின் அது பலருக்குரிய உரிமம். ஆய்வுக்கான பணம் பெரும்பாலும் மக்கள் வரியிலிருந்து வருகிறது. ஆய்வு செய்யும் மாணவரின் உதவித்தொகையும் அங்கிருந்தே வருகிறது. அப்படி விளைந்த அறிவு ஒரு நிறுவனத்தின் தனியுடைமை ஆகலாமா, ஆகுமெனில் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த விலைக்கு, பயன்படுத்தத் தவறினால் திரும்பப் பெறும் உரிமை யாருக்கு என்பவை ஒப்பந்தத்தில் முடிவாகின்றன. அந்த ஒப்பந்த விவரங்களைப் பொதுவெளியில் வைக்கும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றவே இல்லை.

இதன் விளைவு எத்தகையது என்பதை அறிய, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் நிற்கும் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகத்தை நோக்கினால் போதும். 2012-இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்று, 100 ஏக்கர் நிலத்தில், ஏறத்தாழ 600 கோடி ரூபாய் மதிப்பீட்டில், பொதுத்துறையைச் சேர்ந்த எச்.எல்.எல். பயோடெக் நிறுவனம் கட்டியெழுப்பிய அந்த வளாகம், கொரோனா இரண்டாம் அலையில் மக்கள் தடுப்பூசிக்காக வரிசையில் நின்ற 2021 மே மாதத்தில் உற்பத்தி ஏதுமின்றிக் கிடந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மே 25 அன்று அதனை நேரில் பார்வையிட்டு, வளாகத்தை மாநில அரசிடம் குத்தகைக்கு ஒப்படைக்குமாறு பிரதமரைக் கேட்டுக்கொண்டார். அதே நேரத்தில், பொதுப் பணத்தில் இயங்கும் புணே தேசிய நச்சுயிரியல் நிறுவனம் பிரித்தெடுத்த வைரஸிலிருந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கூட்டுறவுடன் உருவான கோவாக்சின், பாரத் பயோடெக் என்னும் ஒரே தனியார் நிறுவனத்தின் ஆலைகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. கூட்டு முயற்சி அறிவிக்கப்பட்டது 2020 மே மாதத்தில்; மும்பை ஹாஃப்கின், ஹைதராபாத் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ், புலந்த்ஷஹர் பிப்கால் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களுக்கு அத்தொழில்நுட்பத்தை வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதோ 2021 ஏப்ரலில். இடையே பதினோரு மாதங்கள் கழிந்தன. மே மாதத்தில் நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே. பால், பிற நிறுவனங்களும் கோவாக்சின் தயாரிப்பதைப் பாரத் பயோடெக் வரவேற்பதாகத் தெரிவித்தார். பொது நிறுவனத்தின் உழைப்பில் பிறந்த தடுப்பூசியைப் பரவலாக்க ஒரு தனியார் நிறுவனத்தின் இசைவை எதிர்நோக்க வேண்டிய நிலை அச்சொற்களில் வெளிப்பட்டது. விற்பனையில் கவுன்சிலுக்கு 5 விழுக்காடு உரிமத்தொகை உண்டு என்ற விவரம்கூட மெல்ல மெல்லத்தான் வெளிவந்தது.

திருமணி வளாகம் முடங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. நிதி போதவில்லை, கோவாக்சின் போன்ற செயலிழக்கச் செய்த வைரஸ் தடுப்பூசிக்கு உயர்நிலை உயிரிப் பாதுகாப்பு வசதி தேவை, தனியார் பங்குதாரரைத் தேடிய முயற்சியும் பலிக்கவில்லை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. வசதியனைத்தும் அங்கே நிறைந்திருந்தாலும், அந்த அறிவைப் பயன்படுத்தும் உரிமை அவ்வளாகத்துக்கு இருந்ததா என்பதை அது அமைந்த தமிழ்நாடு தெரிந்துகொள்ள வழியிருக்கவில்லை. கட்டடம் மக்களுடையது, ஆய்வு மக்களுடையது, இரண்டையும் இணைக்கும் ஒப்பந்தம் மட்டும் மக்கள் கண்ணுக்கு மறைவானது என்னும் ஏற்பாட்டை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

பல்கலைக்கழகமே உரிமம் வழங்கும் முறைக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டு பே-டோல் சட்டம். அரசு நிதியில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டு உரிமம் வழங்கலாம் என்று அச்சட்டம் வகுத்தது. இந்தியாவில் அதைப் போற்றுவோர் அதே சட்டத்திலுள்ள காப்புவிதியைப் பற்றி அரிதாகவே பேசுகின்றனர்: உரிமம் பெற்றவர் அறிவைப் பயன்படுத்தாது முடக்கினாலோ, பொதுநலத் தேவை எழுந்தாலோ, அரசு தலையிட்டுப் பிறருக்கு உரிமம் வழங்கச் செய்யலாம் என்பதே அவ்விதி. நாற்பதாண்டுக்கு மேலாகியும் அமெரிக்க அரசு அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்பது அதன் வலுவின்மையைக் காட்டும்; ஆயினும் விதியென்று ஒன்று அங்கே உண்டு. அச்சட்டத்தைப் பின்பற்றி 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் முன்வைக்கப்பட்ட பொதுநிதி அறிவுசார் சொத்து மசோதா கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. அம்மசோதா குறையுடையதே, அது வீழ்ந்ததில் வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது, அதன் இடத்தில் வேறொன்றும் வராமற்போனதற்காக. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கொள்கை வகுத்து, தானே அதை நடைமுறைப்படுத்தி, தானே தணிக்கையும் செய்துகொள்கிறது.

இருந்த ஒரே சாளரமும் சுருங்கிவருகிறது. காப்புரிமை பெற்றவர் அதை நாட்டில் பயன்படுத்துகிறாரா என்பதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் 27, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் தனிச்சிறப்பு. யாருக்கு உரிமம் வழங்கப்பட்டது, பொதுமக்கள் தேவை நியாயமான விலையில் நிறைவேறியதா என்ற கேள்விகள் அதில் முன்பு இருந்தன. 2020 திருத்தத்தில் அவை நீக்கப்பட்டன. 2024 திருத்தம், ஆண்டுதோறும் தர வேண்டிய அப்படிவத்தை மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்றாக்கியது. தொழில் நடத்துவதை எளிதாக்குவதே நோக்கம் என்றார்கள். தனியார் தம் சொந்தப் பணத்தில் கண்டதற்கு அந்த எளிமை பொருந்தலாம். வரிப்பணத்தில் விளைந்ததற்கும் அதே சலுகையை நீட்டியது பெரும் பிழை.

தனியுரிமம் இல்லையேல் முதலீடு வராது என்பதே மறுதரப்பின் முதன்மையான வாதம். பத்தாண்டுக் காலச் சோதனை தேவைப்படும் புதிய மருந்துக்கு அது ஓரளவு பொருந்தும். பொதுவிதியாக அதை ஏற்க முடியாது. அதற்கான மறுப்பு சென்னை ஐஐடியிலேயே இருக்கிறது. அங்கு இன்றைய இயக்குநர் வி. காமகோடியின் ஆய்வுக்குழு உருவாக்கிய சக்தி என்னும் கணினிச் செயலியின் வடிவமைப்பு, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதனால் தொழில் முடங்கிவிடவில்லை. அதன் வழிவந்த இன்கோர், மைண்ட்குரோவ் ஆகிய நிறுவனங்கள் முதலீடு பெற்று இயங்குகின்றன. மரபணுப் பொறியியலுக்கே அடித்தளமான கோஹன்-போயர் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எவருக்கும் தனியாக ஒப்படைக்காமல் 468 நிறுவனங்களுக்கு உரிமம் தந்து, 1997-இல் அதன் காலம் முடிவதற்குள் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது.

தையூருக்கு அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முட்டுக்காட்டிலேயே இன்னும் எளிய சான்று கிடைக்கிறது. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் களநிலையம் அங்கே இருக்கிறது. கொடுவா மீனை நாட்டிலேயே முதன்முறையாக 1997-இல் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்த நிறுவனம் அது. இறால் வளர்ப்போரின் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்துக்கே போவதையும், அத்தீவனச் சந்தை சில பெரிய நிறுவனங்களின் கையில் இருப்பதையும் கண்டு, உள்நாட்டு மூலப்பொருள்களைக் கொண்டு வனாமி பிளஸ் என்ற தீவனத்தை உருவாக்கி, அதன் செய்முறையை வெவ்வேறு இடங்களிலுள்ள சிறு ஆலைகள் பலவற்றுக்கு அது உரிமம் தந்தது. போட்டி நிலவினால்தான் பண்ணையாளருக்கு விலை இறங்கும் என்ற எளிய கணக்கு அதில் அடங்கியிருக்கிறது. இத்தகைய கைமாற்றம் நூறு புத்தொழில் என்ற கணக்கில் ஏறாது. ஆகவே பாராட்டு விழாக்களிலும் அதற்கு இடமில்லை.

காப்புரிமைக்கு உட்படாத அறிவும் உரிம ஒப்பந்தங்களைப் போலவே மக்களுக்கு எட்டாமல் நிற்கிறது. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு அமைத்தால், இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதன் தென்புறம் தேங்கி, வடபுறத்துக் குப்பத்தை அலை தின்னத் தொடங்கும். அதை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் அறிவு தையூர் வளாகத்தின் அலைத் தொட்டியில் உண்டு. அது ஆலோசனை அறிக்கையாகப் பணம் செலுத்திய துறையிடமோ நிறுவனத்திடமோ சென்றுசேர்கிறது. கோவளத்திலிருந்து கொக்கிலமேடு வரையுள்ள மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு அதன் படி கிடைக்க விதியேதும் இல்லை.

உரிம ஒப்பந்தங்களை வெளியிடக் கோரினால், ஒப்பந்தம் வணிக இரகசியம் என்று மறுமொழி சொல்லப்படும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஈ) பிரிவு சுட்டிக்காட்டப்படும். பொதுநலன் பெரிதாயின் வெளியிடலாம் என்று அதே பிரிவு சொல்வதை ஒருபுறம் விட்டாலும், மறைக்கத்தக்கது செய்முறை மட்டுமே. உரிமம் பெற்றவர் பெயர், தனியுரிமமா பலருக்குரியதா என்ற விவரம், காலவரை, உரிமத்தொகை விகிதம், திரும்பப் பெறும் நிபந்தனை ஆகிய ஐந்தும் செய்முறையாகா. காப்பகங்கள் தாம் வளர்க்கும் நிறுவனங்களில் பங்கும் வைத்திருக்கும் இந்நாளில், உரிமம் வழங்குபவரும் அதனால் பயனடைபவரில் ஒருவரும் ஒரே நிறுவனமாகிவிடுவதால், இவ்வெளியீட்டின் தேவை முன்னினும் மிகுந்திருக்கிறது. தையூர் ஹைப்பர்லூப் தடத்துக்கு ரயில்வே அமைச்சகம் நிதி தந்திருக்கிறது. மாணவர் குழு உழைத்திருக்கிறது. டியூட்டர் என்னும் காப்பக நிறுவனம் அதை வணிகமாக்க முனைந்திருக்கிறது. அத்தொழில்நுட்பம் வென்று, நாளை ரயில்வே துறையே அதை வாங்க வரும்போது, ஏற்கெனவே தான் செலவிட்ட பணத்துக்கு என்ன கழிவு பெறும் என்பது இன்றைய ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; எழுதப்பட்டிருக்குமானால் அதை வெளியிடுவதால் எவருக்கும் இழப்பில்லை.