இரண்டு ரூபாய் ஓவியம்

இரண்டு ரூபாய்க்கு ஒரு ஓவியம் கிடைக்கிறது. வண்ணத்தில் அச்சடித்தது, உள்ளங்கையில் அடங்குவது, எந்தப் பெட்டிக்கடையிலும் கேட்டதும் எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே ஒரு பெட்டி நெருப்பும் உண்டு. தீப்பெட்டியைத்தான் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த பொருள் எது என்று யாராவது என்னைக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன். இதைவிடச் சின்னதாக, இதைவிட அழகாக, இதைவிட அறிவாக ஒரு பொருளை மனிதர்கள் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

இன்று அடுப்பு பற்றவைக்கும்போது ஒரு நிமிடம் அந்த மேல்படத்தைப் பாருங்கள். யானை இருக்கலாம். தாமரை, சேவல், மயில், ரயில் எஞ்சின், தொலைபேசி, கைக்கடிகாரம், ராக்கெட், கிரிக்கெட் வீரர் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். என் சேகரிப்பில் சாவிப் படங்கள் மட்டுமே தனி உறை நிறைய இருக்கின்றன. சாவிக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே கிடையாது. அதுதான் இதில் எனக்குப் பெரிய சந்தோஷம். சோப்பு விற்பவர் சோப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் விற்பவர் எள்ளையோ தேங்காயையோ காட்டியாக வேண்டும். தீப்பெட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குச்சி எரியும் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே படம் போடுகிறவருக்கு உலகம் முழுவதும் திறந்து கிடக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. எழுத்துத் தெரியாதவரும் கடையில் வந்து பெயர் சொல்லிக் கேட்கும்படி இருக்க வேண்டும். ‘சாவி மார்க் ஒண்ணு குடுங்க’, ‘கோழிப்படம் போட்டது குடுங்க’ என்று கேட்டு வாங்கிய தலைமுறைக்காக வரையப்பட்டவை இவை. பார்த்ததும் வாயில் ஒரு பெயர் வந்துவிட வேண்டும், மங்கிய வெளிச்சத்திலும் பக்கத்துப் பெட்டியோடு குழம்பக் கூடாது. இத்தனையையும் சுமார் இரண்டு அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். ஓவியக் கல்லூரிகளில் இதை ஒரு வருடப் பாடமாகவே வைக்கலாம் என்று நான் மனசார நம்புகிறேன். இடம் குறையக் குறைய வரைகிறவரின் கை எவ்வளவு துணிச்சலாகிறது என்று இந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும். யானை என்றால் தும்பிக்கையும் நெற்றிப்பட்டமும் போதும், மீதியைப் பார்க்கிறவர் கண் முடித்துக்கொள்ளும்.

அப்புறம் அந்த அச்சு! பழைய லித்தோ (கல்லச்சு) படங்களில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றுவார்கள். சிவப்பு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் சேவலின் கொண்டை தலையை விட்டுக் கொஞ்சம் மிதக்கும். மயிலின் கழுத்து நீலம் கோட்டைத் தாண்டிப் பின்னணி மஞ்சளில் கலந்து, யாரும் திட்டமிடாத ஒரு பச்சை பிறந்திருக்கும். ஒரே படம் போட்ட இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறாக இருக்கும். இதைச் சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. வீட்டுக்கு வரவழைத்து லென்ஸைக் கையில் கொடுத்துவிடுவேன். அதன்பிறகு அவர்கள் எழுந்து போக நேரமாகும்.

என் ஊர் கரிசல் பக்கம். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, எல்லாம் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். மழை குறைந்த, காய்ந்த மண். பயிருக்கு ஆகாத அந்த வெயில்தான் தீக்குச்சி மருந்து காய்வதற்குத் தோதாயிற்று. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்கு முன்னால் நம் வீடுகளில் எரிந்தவற்றில் பெரும்பகுதி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த குச்சிகள். அந்த நாட்டு ஆலைகள் இங்கே விற்பதற்காகவே நம் சாமிகளின் படங்களை அச்சடித்து அனுப்பின. ஜப்பானில் அச்சான கடவுளர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. யாரோ ஒருவர், கடல் கடந்த ஊரில் உட்கார்ந்து, தான் பார்த்தேயிராத நாட்டு அடுப்படிகளுக்காக அச்சுக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார்.

தீப்பெட்டிக்குப் படம் வேண்டியிருந்தது, படத்துக்கு அச்சகம் வேண்டியிருந்தது. சிவகாசி அச்சுத் தொழிலில் பெயர் வாங்கியதற்கு இந்தத் துக்குணூண்டு காகிதங்களும் ஒரு காரணம். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. காலண்டர் ஓவியருக்காவது மூலையில் கையெழுத்துப் போட இடமிருந்தது. தீப்பெட்டி ஓவியருக்கு அதுவும் இல்லை. அவர் யார், எந்தத் தெருவில் இருந்தார், அந்தக் கிளியை வரைந்த அன்று என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பெயர் போடாமல் இவ்வளவு அக்கறையாக வரைந்திருக்கிறாரே! கிளியின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறார், ஊசிமுனை அளவு. அது இல்லாவிட்டாலும் பெட்டி விற்றிருக்கும். இருந்தாலும் வைத்திருக்கிறார்.

இந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். கையால் செய்யும் ஆபீஸ் ஒன்றுக்குள் போய்ப் பார்த்த அனுபவத்தை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குத் தீராது. உள்ளே பெரும்பாலும் பெண்கள். மருந்தில்லாத வெள்ளைக் குச்சிகள் முன்னால் குவிந்து கிடக்கின்றன. வரி வரியாகப் பள்ளம் போட்ட சட்டங்களில் அவற்றை அடுக்குகிறார்கள். கட்டை அடுக்குவது என்று இதற்குப் பெயர். விரல்கள் ஒரு தடவுதலில் ஒரு வரிசையை நிரப்பிவிடுகின்றன. அடுக்கிய கட்டையை முதலில் சூடான மெழுகில் முக்குகிறார்கள், பிறகு மருந்தில். காய்ந்ததும் பெட்டிக்குள் அடைப்பது. ஒரு அக்கா குச்சியை அள்ளினார், பெட்டியில் வைத்தார், மூடினார். மறுபடி அள்ளினார். வேகம் பார்த்து நான் அசந்துபோய், “எண்ணாமலே எப்படிக்கா சரியா வருது?” என்று கேட்டேன். “நாங்க எங்க எண்ணுறோம், கைதான் எண்ணிக்கிடும்” என்றார் தலை நிமிராமல். இரண்டு பெட்டி வாங்கி வந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு குச்சிதான் வித்தியாசம். அந்தக் கைக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

அந்த வேலைக்கு ஒரு கறுத்த காலமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளை விடியுமுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து கட்டை அடுக்க வைத்த காலம் அது. 1986-இல் வந்த சட்டம் இந்த வேலையைக் குழந்தைகள் செய்யக் கூடாதவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. என்னிடமுள்ள பழைய படங்களில் சிலவற்றைச் சின்னக் கைகள் ஒட்டியிருக்கும். அவற்றைப் பார்க்கும்போது என் சந்தோஷம் கொஞ்சம் நின்றுதான் நகர்கிறது.

படத்திலிருந்து பெட்டியின் பக்கவாட்டுக்கு வாருங்கள். அந்தக் கரும்பழுப்புப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால்தான் நெருப்பு. இரண்டையும் ஒரே வீட்டில், ஆனால் தனித்தனி அறையில் குடிவைத்திருக்கிறார்கள்! உரசும்போது பாஸ்பரஸில் துளி அளவு சூடேறி வெள்ளைப் பாஸ்பரஸாக மாறிப் பற்றிக்கொள்கிறது, குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்கிறது, கந்தகம் எரிகிறது, மெழுகு அந்தச் சுடரைப் பிடித்து மரத்துக்குக் கடத்துகிறது. கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்துவிடுகின்றன. அந்த முதல் ‘சர்ர்’ சத்தமும் மூக்கில் ஏறும் நெடியும் எனக்கு அலுத்ததே இல்லை.

உரசினால் பற்றும் குச்சியை முதலில் செய்து விற்றவர் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர். 1827-இல் விற்க ஆரம்பித்தவர், காப்புரிமை வாங்கவே இல்லை. அப்புறம் வந்தவர்கள் வெள்ளைப் பாஸ்பரஸைக் குச்சித் தலையிலேயே வைத்தார்கள். அது எளிதில் பற்றியது, அதைச் செய்த தொழிலாளிகளின் தாடை எலும்பையும் அரித்தது. 1888-இல் லண்டனில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். ஸ்வீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844-இலேயே பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார். ஆனாலும் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடைசெய்ய நாடுகள் கூடிக் கையெழுத்திட 1906 ஆயிற்று. இன்றைக்கும் பெரும்பாலான படங்களின் அடியில் ‘சேஃப்டி மேட்சஸ்’ என்று ஒரு வரி ஓடுகிறது. யானைக் காலடியில், தாமரைத் தண்டோரத்தில், யாரும் படிக்காத அந்த வரியை நான் ஒவ்வொரு முறையும் மரியாதையோடு படிக்கிறேன்.

பெட்டி காலியானால் அதன் இரண்டாவது வாழ்க்கை தொடங்கும். நூல் கட்டி டெலிபோன், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ரயில், பொன்வண்டுக்கு வீடு. மேல்படத்தைக் கிழித்து வட்டத்துக்குள் வைத்துச் சில்லால் அடித்து வெளியே தள்ளினால் படம் நமக்கு. அந்த ஆட்டத்தில் அபூர்வப் படத்துக்குப் பத்து சாதாரணப் படம் ஈடு. பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை: தெலங்கானாவின் சிரிசில்லாவில் தீப்பெட்டிக்குள் மடித்து வைக்கும்படி சேலை நெய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் கதை ஸ்காட்லாந்தில் நடந்தது. 1961-இல் டொனால்ட் மிச்சி என்ற விஞ்ஞானிக்கு, இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்ளுமா என்று பார்க்க ஆசை. கைக்கு எட்டும்படி கம்ப்யூட்டர் இல்லை. 304 தீப்பெட்டிகளை எடுத்துக்கொண்டார். நாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விளையாடும் பெருக்கல்குறி–பூஜ்ய ஆட்டத்தில், இயந்திரம் ஆடும் முறை வரும்போது இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி; திருப்பிப் பார்த்தால் ஒன்றாகிவிடும் நிலைகளுக்கு ஒரே பெட்டி. பெட்டிக்குள் வண்ண மணிகள், ஒவ்வொரு நிறமும் ஒரு கட்டத்தைக் குறிக்கும். பெட்டியைக் குலுக்கினால் எந்த மணி வருகிறதோ அந்தக் கட்டத்தில் ஆடவேண்டும். ஜெயித்தால் அந்த நிற மணிகள் கூடும், தோற்றால் அந்த மணி பறிபோகும். ஆட ஆடத் தப்பான மணிகள் குறைந்து, பெட்டிகள் கெட்டிக்கார ஆட்டக்காரர் ஆகிவிட்டன. செயற்கை நுண்ணறிவு என்று இன்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதன் ஒரு மூதாதை தீப்பெட்டிக்குள் இருந்தது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அதைவிடச் சின்ன ஆட்டம் ஒன்றுக்குச் சில பெட்டிகளும் குன்றிமணியும் வைத்துச் செய்து பார்த்தோம். பெட்டிகள் கற்றுக்கொண்டன. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், நானும்தான்.

வெளியூர் போனால் முதலில் நான் தேடுவது கோயிலையும் இல்லை, ஓட்டலையும் இல்லை, பெட்டிக்கடையை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடையில், “அண்ணாச்சி, வேற படம் போட்ட பெட்டி இருக்கா?” என்றேன். “எல்லாம் ஒண்ணுபோலத்தான் எரியும், படத்தை எதுக்குப் பாக்கிய?” என்றார். காரணத்தைச் சொன்னதும் எழுந்து உள்ளே போனவர், தூசி தட்டி ஒரு பழைய பண்டலைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரச்சீவலில் செய்து நீலக் காகிதம் சுற்றிய பெட்டிகள்! அட்டைப்பெட்டி வருவதற்கு முந்தைய காலத்துச் சரக்கு. அப்புறம் அவர் தன் தகப்பனார் காலத்துப் படங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், வந்த ஆட்கள் சாமானுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

2007-இல் ஒரு ரூபாயான பெட்டி, 2021 டிசம்பர் வரை அதே ஒரு ரூபாய்தான். பதினான்கு வருடம் விலை ஏறாமல் நம் வீட்டில் வேறு எது இருந்தது? இடையில் வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர்கள் வந்து கடைகளில் தொங்கின. இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023-இல் தடை வந்தபோது நான் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். ஒரு லைட்டரின் மேல் யாராவது கிளி வரைந்து, அதன் கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சேர்க்க ஆசை வந்துவிட்டதா? செலவே கிடையாது. இப்போதைய அட்டைப்பெட்டி என்றால் ஒட்டிய ஓரத்தை மெல்லப் பிரித்து, விரித்து, கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். பழைய மரப்பெட்டியில் ஒட்டிய படத்தை உரிக்கவே உரிக்காதீர்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால் பசை தானாக இளகும், காகிதம் நழுவி வரும். செய்தித்தாள்மேல் முகம் மேலே பார்க்க வைத்து நிழலில் காயவிடுங்கள், வெயிலில் நிறம் போய்விடும். சென்னையில் தாரா புக்ஸ் பதிப்பகத்தார், ஷாஹித் தாதாவாலா என்பவர் சேர்த்த படங்களை வைத்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்கள், கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். ஊர்ப்பக்கம் பழைய வீடுகளில் பரணிலோ சாமி அறைப் பெட்டிக்குள்ளோ அரிசிப் பானைக்குப் பின்னாலோ ஒன்றிரண்டு நிச்சயம் அகப்படும். ‘சீட்டா ஃபைட்’ படத்தில் புள்ளிச் சிறுத்தையோடு ஒருவர் மல்லுக்கட்டுகிறாரே, அதில் பழைய அச்சு யாரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். என்னிடம் மயில் இரண்டு இருக்கின்றன, ஒன்றைத் தருகிறேன்.