டவுன்டன் ஆபி: பார்வையாளர் எதிர்வினைகள்

டவுன்டன் ஆபி (2010-2015) ஜூலியன் ஃபெலோஸ் உருவாக்கிய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர். ஐ.டி.வி. அலைவரிசையில் 6 பருவங்களாக ஒளிபரப்பானது. யார்க்‌ஷயரில் அமைந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட மாளிகையில் வாழும் கிரௌலி பிரபுக் குடும்பமும் அதன் பணியாளர்களும் இதன் முதன்மை மாந்தர்கள். டைட்டானிக் மூழ்கிய செய்தி 1912-ல் மாளிகைக்கு வந்துசேர்வதில் தொடங்கும் கதை, 1926 பிறக்கும் புத்தாண்டு இரவில் நிறைவடைகிறது.

வரவேற்பு

பிரிட்டனில் வாரந்தோறும் ஏறத்தாழ 1 கோடிப் பேர் இத்தொடரைப் பார்த்தனர். 2011 ஜனவரி முதல் அமெரிக்காவின் பி.பி.எஸ். அலைவரிசையிலும் ஒளிபரப்பாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. மேகி ஸ்மித் நடித்த மூதாட்டி வயலெட்டின் குத்தல் பேச்சும், பட்லர் கார்சனின் கண்டிப்பும், அவருக்கும் மாளிகை நிர்வாகி திருமதி ஹியூஸுக்கும் இடையே மெல்ல வளர்ந்த அன்பும் பார்வையாளர்களை ஈர்த்தன. பிரபுக்களின் காதல் அளவுக்கே சமையலறையின் துயரங்களும் பின்தொடரப்பட்டன. பெரிய வீட்டுக் கதைகளில் தட்டேந்தி நிற்பதோடு முடிந்துவிடும் வேலைக்காரர்களுக்கு இங்கே பெயரும் ஆசையும் பகையும் இருந்தன.

எதிர்ப்புகள்

பார்வையாளர்களின் எதிர்ப்பு மூன்று வகையில் வெளிப்பட்டது.

முதலாவது, பொருட்களைப் பற்றியது. 1910-களில் நிகழும் கதையில் ஒரு வீட்டின் மேல் தொலைக்காட்சி ஆன்டெனாவும், சாலையோரத்தில் இரட்டை மஞ்சள் கோடுகளும் தெரிவதை முதல் பருவத்திலேயே பலர் சுட்டிக்காட்டினர்.

இரண்டாவது, கதைமாந்தரின் இழப்பைப் பற்றியது. 2012 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பான பகுதியில், மகன் பிறந்த அன்றே மேத்யூ கார் விபத்தில் இறக்கிறான். பண்டிகை நாளில் இப்படி ஒரு சாவைக் காட்டலாமா என்று பலர் கோபமடைந்தனர்.

மூன்றாவது, 2013-ல் பணிப்பெண் ஆனா வல்லுறவுக்கு ஆளாகும் காட்சி. குடும்பத்துடன் பார்க்கும் ஞாயிறு இரவுத் தொடரில் இது தேவையில்லை என்று ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமிடம் புகார்கள் சென்றன.

விமர்சனம்

வரலாற்றாசிரியர் சைமன் ஷாமா 2012-ல் இத்தொடரைக் கடுமையாகச் சாடினார். மாளிகை வாழ்வின் மீதான ஏக்கத்தையே இது விற்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

பார்வையாளர்கள் எதிர்த்தவற்றைவிட, எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டவை அதிகம் சொல்கின்றன. சமையற்காரி திருமதி பேட்மோரின் கண்பார்வை மங்கும்போது, பிரபு ராபர்ட் தன் செலவில் லண்டனுக்கு அனுப்பிச் சிகிச்சை அளிக்கிறார். பணிப்பெண் ஜேனை அவர் முத்தமிடுகிறார். பின் தானே விலகி, அவளுடைய மகனின் படிப்புக்கு ஏற்பாடு செய்கிறார். வேலையை விட்டுப் போவது ஜேன்தான். ஆனால் அந்தக் காட்சி மனத்தில் நிறுத்துவது ராபர்ட்டின் பெருந்தன்மையை. ஆனாவைத் தாக்குபவன்கூட விருந்தினரான ஒரு பிரபுவின் உதவியாளன். மாளிகை எஜமானர்கள் மீது கறை படியாதபடி கதை நகர்கிறது.

அக்காலத்தில் பிரிட்டிஷ் பெண்கள் மிக அதிகமாக ஈடுபட்டிருந்த தொழில் வீட்டுவேலை. அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தனர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவதும், எஜமானியின் நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அடுத்த வேலை கிடைக்காததும் அவர்களின் அன்றாடம். ஒரு ராணுவ அதிகாரியுடன் படுக்கையில் பிடிபட்டதால் மாளிகையிலிருந்து வெளியேற்றப்பட்டு, கர்ப்பமாகி, வறுமையில் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்படும் எதெலின் கதையில் மட்டுமே அந்த வாழ்வின் கொடுமை நெருங்கித் தெரிகிறது. அவளும் தன் குழந்தையைத் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுக் கதையிலிருந்து மறைகிறாள்.

மதிப்பீடு

தொடரைப் பார்த்து நெகிழ்ந்த பலருக்கும் மூதாதையர் மாளிகையின் கீழ்த்தளத்தில் உழைத்தவர்களாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். டவுன்டன் ஆபி அவர்களுக்கு முகம் கொடுத்தது. அதே சமயம், நல்ல எஜமான் இருந்தால் போதும் என்ற ஆறுதலையும் கொடுத்தது. ஆன்டெனாவைக் கண்டுபிடித்த கூர்மையான கண்கள் அந்த ஆறுதலை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை. சாலைக் கோடுகளைப் படத்தொகுப்பில் அழித்துவிடலாம். கருணையாக மாற்றிக் காட்டப்பட்ட அதிகாரத்தைப் பார்வையாளர்தான் அடையாளம் காண வேண்டும்.