திரைக்கலை மரபு யாருடைய உடைமை?

ஒரு கலையின் பழைமையை அறியாதவர் அதன் புதுமையை மதிப்பிட வல்லவராகார். இலக்கியத்தைப் பொறுத்து இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளும் பலர், திரைப்படத்தைப் பொறுத்து இதனை மறந்துவிடுகின்றனர். இணையவழித் திரைச்சேவைகள் உலகத் திரைக்கலை முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டன என்ற எண்ணமும் பரவியுள்ளது. ஆயின் அப்பெருஞ்சேவைகளின் பட்டியல்களை நோக்கின், அண்மைக்காலப் படங்கள் குவிந்து கிடக்க, 1960க்கு முற்பட்டவை அருகியே காணப்படுகின்றன. இந்நிலைக்குக் காரணம் யாது?

மக்களின் இரசனையே காரணம் என்பர் சிலர். யாரும் கேளாத பொருளை வணிகர் எவ்வாறு வைத்திருப்பர் என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டே நாம் சோதித்துப் பார்க்கலாம்.

1998இல் அந்நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் இறுவட்டுக்களைத் தபால்மூலம் வாடகைக்கு அனுப்பத் தொடங்கிற்று. விலைகொடுத்து வாங்கிய திரைப்பட இறுவட்டை, பதிப்புரிமையாளரின் அனுமதியின்றியே இரவலாகவோ வாடகைக்கோ கொடுக்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. எனவே ஆண்டுக்கு ஒருவரே கேட்கும் பழம்படமும் அலுமாரியில் இருந்தது. காலப்போக்கில் அங்கு சேர்ந்த படங்கள் ஓர் இலட்சத்தையும் கடந்தன. 2007இல் இணையவழிக் காட்சி தொடங்கியபோது இவ்வடிப்படை மாறிற்று. இங்கே பிறருடைய ஒவ்வொரு படத்திற்கும் உரிமம் பெறவேண்டும். அது குறித்த காலத்துக்கும் குறித்த நாடுகளுக்குமே செல்லும். தவணை முடிந்ததும் படம் மறையும். சிலரே கேட்கும் படத்துக்கு அவ்வுரிமத்தைப் புதுப்பிப்பது இலாபக் கணக்கில் வீண்செலவாகிறது. 2016 ஜனவரியில் இலங்கை உட்பட 130 நாடுகளுக்கு அச்சேவை விரிந்தபோது வந்ததும் இவ்விணையக் காட்சியே, அலுமாரி வரவில்லை. 2023 செப்டெம்பர் 29இல் அமெரிக்காவிலும் இறுவட்டுச் சேவை மூடப்பட்டது. மக்களின் இரசனை தேய்ந்ததன் விளைவென இதனைக் கொள்ளவியலாது. மாறியது உடைமை உறவேயாகும்.

பழம்படங்களுக்கென்றே எழுந்த சேவைகளின் கதி என்ன? 2016 நவம்பரில் டர்னர் நிறுவனமும் கிரைட்டீரியன் நிறுவனமும் இணைந்து ‘ஃபில்ம்ஸ்ட்ரக்’ என்ற சேவையைத் தொடங்கின. 2018இல் ஏ.டி. அன்ட் டி. என்ற தொலைத்தொடர்புப் பெருநிறுவனம் டர்னரின் தாய்நிறுவனமான டைம் வார்னரை விழுங்கியது. அவ்வாண்டு நவம்பர் 29இல் அச்சேவை மூடப்பட்டது. மார்ட்டின் ஸ்கோர்செஸி முதலிய நெறியாளர்களும் பெருந்தொகையான இரசிகர்களும் எதிர்த்துக் குரலெழுப்பினர். 2019 ஏப்ரலில் கிரைட்டீரியன் தனிச்சேவை ஒன்றைத் தொடங்கிற்று. எனினும் அது அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது.

ஐசன்ஸ்டைனின் ‘பொட்டெம்கின் போர்க்கப்பல்’ (1925) என்ற படத்தை 1926இல் பிரித்தானியத் தணிக்கையாளர் தடைசெய்தனர். அத்தடை 1954 வரை நீடித்தது. ஆயினும் தடை கண்ணுக்குத் தெரிந்தமையால் அதனை எதிர்க்கவும் முடிந்தது. 1929இலேயே இலண்டன் திரைப்படச் சங்கம் அப்படத்தைத் தன் அங்கத்தவர்களுக்குக் காட்டிற்று. இன்று ஒரு படம் மறைவதற்குத் தடையுத்தரவு வேண்டியதில்லை. ஒப்பந்தம் காலாவதியானாற் போதும். யாரும் தடுக்கவில்லை என்பதனால் எதிர்ப்பும் எழுவதில்லை. சந்தையின் இம்மௌனத் தணிக்கை, அரசின் தணிக்கையிலும் ஆபத்தானது என்பதே நமது கருத்து.

இதனாற் புதிய தொழில்நுட்பத்தை நாம் வெறுக்கவேண்டும் என்பதில்லை. ஒரு படத்தை ஆயிரம் ஊர்களுக்கு ஒரே கணத்தில் அனுப்பவல்ல சாதனம், மக்கள் கல்விக்குக் கிடைத்த பெரும்பேறு. அதனை யார் ஆள்கின்றனர் என்பதே பிரச்சினை. 1936இல் ஆன்றி லாங்லுவாவும் நண்பர்களும் பாரிசில் நிறுவிய திரைப்படக் காப்பகம், பிறர் பயனற்றவையெனத் தள்ளிய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தது. சேர்த்தவற்றைத் திரையிட்டும் காட்டிற்று. துருஃபோ, கொடார் ஆகியோர் அங்கமர்ந்தே தம் கலையைக் கற்றனர். 1968இல் அரசு லாங்லுவாவைப் பதவிநீக்கியபோது, கலைஞரும் மாணவரும் வீதியிலிறங்கிப் போராடி அவரை மீட்டனர்.

நூலைப் பேண நூலகத்தை வேண்டும் சமுதாயம், திரைப்படத்துக்கும் பொதுக் காப்பகத்தை வேண்டவேண்டும். வாங்கிய இறுவட்டை இரவல் கொடுப்பதற்குள்ள உரிமைக்கு நிகரானதோர் உரிமையை, இணையவழிப் பிரதிக்கும் நூலகங்கள் பெறவேண்டும். அதுவரை பாடசாலைகளும் திரைப்படக் கழகங்களும் தம்மிடமுள்ள இறுவட்டுக்களைக் குப்பையென எறியாது காத்தல் கடனாகும். வாடகைக்கு விடப்பட்ட மரபு நம் மரபாகாது.